கடலுக்கு விட்ட வழி

என் பேச்சுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே நடுவராக வீற்றிருக்கும் அவைத்தலைவர் கலீல் ரஹ்மான் அவர்களே! வாரமெல்லாம் வெயிலைத் தோளில் சுமந்து, வியாழக்கிழமை மாலையில் வெள்ளைச் சட்டை போட்டு வந்து நிறைந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! இந்த மண்ணிலேயே முடி நரைத்த பெரியவர்களே! பிள்ளைகளை மடியிலும், பிரியாணி அண்டாவின் மேல் ஒரு கண்ணும் வைத்திருக்கும் தாய்மார்களே! ராஸ் அல் கைமா செராமிக் ஆலையில் சூளை பார்க்கும் அன்பரசனின் அன்பு வணக்கம்!

நம் கடற்கரை எப்படி மாறியது என்று பேசச் சொன்னார்கள். மாறியதா? மாறியது! இரண்டாயிரத்து ஒன்றில் நான் வந்தபோது அங்கே என்ன இருந்தது? மணல் இருந்தது, மீன்வலை இருந்தது, நெய்னா முகம்மது அண்ணனின் தகரக்கூரை கஃபட்டீரியா இருந்தது. உள்ளே அவர் மனைவி ஹபீபுன்னிசா அக்கா மீன் பொரிப்பார். அந்த மணம் நம் தொழிலாளர் கேம்ப் வரைக்கும் வந்து நம்மைக் கைப்பிடித்து இழுத்துப் போகும். வெள்ளிக்கிழமை வந்தால் சிமெண்டுக்காரன், செராமிக்காரன், குவாரிக்காரன், எல்லாரும் கடலில் விழுந்து பிள்ளைகளாகிப் போவோம்.

பிறகு வந்தது ரிசார்ட். வெள்ளைச் சுவர், நீலக் கும்மட்டம், கிரேக்க நாட்டுக் கடலோரம் போலவே கட்டினார்கள். குறை சொல்ல மாட்டேன். இருட்டில் கிடந்த சாலைக்கு விளக்கு வந்தது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு வேலை வந்தது. மேனேஜராக ஒரு கிரேக்கரே வந்தார். பெயர் லெஃப்தெரிஸ். நம் அக்காவுக்கு அது வாயில் நுழையவில்லை. "லத்தீபு" என்றே கூப்பிட்டார். வளைகுடாவில் நெடுநாள் இருந்த மனிதர், இந்தி பேசுவார். லத்தீபு என்றாலும் திரும்பிப் பார்ப்பார், பொரித்த மீன் என்றால் ஓடியே வருவார்!

(சிரியுங்கள், சிரியுங்கள். இனிமேல் சிரிக்க முடியாத இடம் வருகிறது.)

கடற்கரையை அடைத்துச் சுவர் எழுப்ப ரிசார்ட் முதலாளியிடமிருந்து உத்தரவு வந்தது. கஃபட்டீரியாவைக் காலி செய்யவும் உத்தரவு வந்தது. சுவர் கட்டும் கொத்தனார் யார்? அதோ மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அறந்தாங்கிப் பக்கத்துச் சோலையப்பன், அவர்தான். சுவர் வளர்ந்து வளர்ந்து கஃபட்டீரியா வாசலுக்கு நேரே வந்தது. சோலையப்பன் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பாய், ஜல்தி!" என்று கத்தினார் ஃபோர்மேன். "வேலைய நிறுத்துனா விசா கேன்சல். நாளைக்கே ஃபிளைட் ஏத்திடுவேன்!"

ஊரில் சோலையப்பனின் சொந்த வீடு கூரை போடாமல் நிற்கிறது. அது அவருக்குத் தெரியாதா? தெரியும். அன்று டீ குடிக்க வந்த நானும் அங்கேதான் நின்றேன். ஆனாலும் சொன்னார்: "சார், எங்க பயலுவ கடலுக்குப் போற வழி இது ஒண்ணுதான். இத அடைக்க எங் கையி வரமாட்டேங்குது. அனுப்புறதுன்னா அனுப்புங்க."

சத்தம் கேட்டு லெஃப்தெரிஸ் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தோம். அவரோ சோலையப்பனைக் கஃபட்டீரியாவுக்குள் கூட்டிப் போய் உட்கார வைத்தார். மூன்று டீ சொன்னார். அங்கே அவர் இந்தியில் சொன்னதை நெய்னா அண்ணன் தமிழில் சொல்ல, நாங்கள் கேட்டோம்.

லெஃப்தெரிஸ் பிறந்தது கிரேக்க நாட்டில் ஒரு மீனவக் கடற்கரை. முதலில் வெளியூர்க்காரர்கள் நாலு பேர் வந்தார்களாம். இவருடைய வீட்டு மொட்டை மாடியில் படுத்தார்களாம். இவருடைய அம்மா பொடிமீன் பொரித்துப் போட, அது ஒரு கடையாயிற்று. பிறகு பஸ் வந்தது, ஹோட்டல் வந்தது, வரிசை வரிசையாகக் குடை வந்தது. கடையும் ஹோட்டலுக்குள் போயிற்று. ஒருநாள் அந்த அம்மா தான் பிறந்து வளர்ந்த மணலில் உட்காரப் போனார். சீருடை போட்ட ஒருவன் ஓடி வந்து, இங்கே உட்கார வாடகை கொடுக்க வேண்டும் என்றானாம்.

அந்தத் தாய் எழுந்து போனவர்தான். சாகும்வரை கடலைப் பார்க்கவே இல்லையாம்!

ஹபீபுன்னிசா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்பொ இங்கயும் அதையே செய்யப் போறியளா வாப்பா?"

அண்ணன் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். தேவையே இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தே லெஃப்தெரிஸுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் லெஃப்தெரிஸ், ரிசார்ட் முதலாளியான அரபுப் பெரியவரை அதே தகரக்கூரைக்கு அழைத்து வந்தார். அக்கா மீன் வைத்தார். பெரியவர் சாப்பிட்டார். எழுந்து, சோலையப்பன் கட்டாமல் விட்ட இடைவெளி வழியாகக் கடலுக்கு நடந்தார். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். கால் நனைந்து, அங்கியின் ஓரம் நனைந்து திரும்பி வந்தார். "என் தகப்பனார் இங்கேதான் படகு இழுத்தார்," என்றார். "கலாஸ், பேச்சு முடிந்தது. வழி இருக்கட்டும்."

(கைதட்டலைச் சோலையப்பனுக்குக் கொடுங்கள்! இன்னும் பலமாக!)

எல்லாமே நமக்குக் கிடைத்ததா? இல்லை. கஃபட்டீரியா சாலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டி வந்தது. தகரக்கூரை போயிற்று. லெஃப்தெரிஸும் போன வருடம் வேறு நாட்டுக்கு மாறிப் போனார். ஆனால் வழி இருக்கிறது! வெள்ளிக்கிழமைதோறும் கேம்ப்காரனும் அதில் போகிறான், கும்மட்டத்துக்குக் கீழே தங்கும் வெள்ளைக்காரரும் போகிறார். அங்கே இருவரும் நனைவது ஒரே உப்புத் தண்ணீரில்தான்!

கரை மாறட்டும், கட்டடம் வரட்டும், விளக்கும் வெளிச்சமும் பெருகட்டும்! யார் வேண்டாமென்றது? ஆனால் எவன் கட்டினானோ அவன் கால் நனைக்க ஒரு வழி வேண்டாமா? எவள் சோறு போட்டாளோ அவள் உட்கார ஒரு பிடி மணல் வேண்டாமா? இதைக் கேட்பது பெரிய புரட்சியா? இல்லை, நண்பர்களே. ஒரு மனிதர் கரண்டியைக் கீழே வைத்தார். இன்னொரு மனிதர் தன் தாயை நினைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அதுவே போதுமாக இருந்தது!

சென்ற வெள்ளிக்கிழமை என் மனைவி பானுமதி, ஹபீபுன்னிசா அக்காவைக் கையைப் பிடித்து அலைக்குள் இழுத்தாள். இத்தனை வருடம் அடுப்பை விட்டு நகர நேரமில்லாதவர், முழங்கால் நனைய நின்று, "அல்லாவே, இம்புட்டுச் சில்லுன்னு இருக்கே!" என்று கத்தினார். கரையில் நின்ற நெய்னா அண்ணன் சிரித்த சிரிப்பை நான் எந்த மேடையிலும் பேசிக் காட்ட முடியாது.

தலைவர் மணியடிக்கக் கை நீட்டுகிறார். இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. நாளை வெள்ளிக்கிழமை. குடும்பத்தோடு வாருங்கள், கடலில் சந்திப்போம். வணக்கம்!