கூட்டினா எட்டு

விரல மடக்காதீங்க தம்பி. கூட்டாதீங்கன்னு சொல்றேன்ல! பழைய வண்டி வாங்க வர்றவங்க பானெட்ட தொறந்து பாப்பாங்க, டயர ஒதச்சுப் பாப்பாங்க, அது மொறை. நீங்க என்னடான்னா நம்பர் ப்ளேட்டு முன்னாடி குந்திக்கிட்டு எண்ணுறீங்க. நாலு, ஒண்ணு, அஞ்சு, ஏழு. பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. போதுமா? நானே சொல்லிட்டேன்... அய்யய்ய, பைய ஏன் எடுக்குறீங்க? நில்லுங்க தம்பி. நெய்வேலிலேர்ந்து பேப்பர் வெளம்பரத்தப் பாத்துட்டு பஸ் ஏறி வந்துருக்கீங்க. உள்ள உக்கார வெச்சு காப்பி குடுக்கலாம்னா கரண்டு இல்ல, வெந்து போயிருவீங்க. இப்பிடி நெழல்ல வாங்க.

இந்த எட்டு ராசியில்லங்கறதுக்கு ஒரு ஆதாரம் உண்டா? நான் கணக்கு வாத்தியார் தம்பி. சிதம்பரத்துல இருபத்தாறு வருஷமா ப்ளஸ் டூவுக்கு சொல்லிக் குடுக்குறேன். நடனசபாபதி சார்னா எல்லாருக்கும் தெரியும். எந்த நம்பரையும் ஒரே எலக்கம் ஆவுற வரைக்கும் கூட்டிக்கிட்டே வந்தா ஒண்ணுலேர்ந்து ஒம்பதுக்குள்ள நிக்கும். அப்ப ஒம்பது வண்டியில ஒண்ணு எட்டுதான? ஒம்பதுல ஒரு வண்டி தெனம் பள்ளத்துல கெடந்தா அந்தப் பள்ளத்துக்கே நம்ம ஜில்லாவுல எடம் பத்தாது. மூடநம்பிக்கைன்னு கூட நான் சொல்ல மாட்டேன். நம்பிக்கைன்னா ஒரு உறுதி வேணும். இது வெறும் பழக்கதோஷம்.

எட்டுக்கு பயப்படணும்னா எதுக்கு பயப்படணும் தெரியுமா? ஃபைனான்ஸ்காரன் சொல்ற எட்டுக்கு. "சார், எட்டு பர்சன்ட்தான் சார், ஃப்ளாட் ரேட்டு"ம்பான். அடச்சு முடிச்ச அசலுக்கும் சேத்து கடைசி மாசம் வரைக்கும் வட்டி வாங்குவான். மூணு வருஷத்துக்கு கணக்குப் போட்டுப் பாருங்க, நெச வட்டி பதினாலரை! நம்பர் ப்ளேட்டுல எட்டுன்னா தெருவ வுட்டே ஓடுற ஜனம், பேப்பர்ல எட்டுன்னா பேனாவ எடுத்துக்கிட்டு ஓடி வருது.

நீங்களும் புதுசா பழசான்னுதான முழிக்கிறீங்க? மூஞ்சிலயே எழுதியிருக்கு. புதுசுக்கு பேங்க்ல வட்டி கம்மி, அஞ்சு வருஷம் டயம். பழசுக்கு வட்டி ஜாஸ்தி, மூணே வருஷம். ஆனா புதுசு ஷோரூம் கேட்ட தாண்டுனதுமே ஒரு லட்சம் காணாமப் பூடும். அந்த லட்சத்த வேற எவனாவது தொலச்ச வண்டியப் பாத்து வாங்குறவன்தான் புத்திசாலி. ரெண்டாயிரத்தி எட்டுல நான் அப்பிடித்தான் வாங்குனேன். ஆயிரத்தி அறுநூறு சிசி, ஸ்போர்ட்ஸ் மாடல், அலாய் வீலு, பின்னாடி ஸ்பாய்லரு. "கணக்கு வாத்தியாருக்கு எதுக்குடா எறக்க வெச்ச வண்டி"ன்னு ஸ்டாஃப் ரூம்ல கேட்டானுவ. இருபது வருஷம் மொபட்டுல லாரிப் பொகைய முழுங்கிக்கிட்டு போனவனுக்குத் தெரியும், எதுக்குன்னு. கடலூர் ரோட்டுல மூணாவது கியர்ல ஒரு அமுக்கு அமுக்கினா... நீங்களே பாப்பீங்க.

ஏன் விக்கிறேனா? வர்றேன், வர்றேன். நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள ஷோரூம்ல ஒன்றரை லட்சம் கட்டணும். லோன் சாங்ஷன் ஆயிருச்சு, கைக்காசுதான் பாக்கி. கட்டலன்னா எனக்கு வந்த வண்டி லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிரும். மறுபடி அஞ்சு மாசம் காத்துக் கெடக்கணும். அதனாலதான் ஒண்ணு அறுவதுக்கு குடுக்குறேன். இந்த வெலைக்கு எங்கயும் கெடைக்காது.

புரோக்கர்ட்ட ஏன் வுடலன்னு கேக்குறீங்க. ம்... நல்ல கேள்விதான். புரோக்கருங்க இந்த வண்டிய தொட மாட்டானுவ. திருப்பாதிரிப்புலியூர்ல பொன்னுரங்கம்னு ஒரு பெரிய புரோக்கரு. போன மாசம் போனேன். வண்டி ஃபோட்டோவப் பாத்ததும் கடைக்கு உள்ள போயி கற்பூரம் எடுத்தாந்துட்டான்! "சார், இது வெள்ளாத்துப் பாலத்துல குடும்பத்தோட வுழுந்த வண்டிதான?"ங்கறான். யாரு வுழுந்தா? எப்ப வுழுந்தா? நான் எழுதுனது ரெண்டே வரி தம்பி! நாலு வருஷத்துல அது முன்னுரை, பின்னிணைப்பெல்லாம் சேந்து தலகாணி மாதிரி திரும்பி வந்துருக்குது.

நான் எழுதுனதான்னா... சரி, வாய் தவறி வந்துருச்சு, சொல்லிர்றேன். வண்டி மொதல்ல பரங்கிப்பேட்டை ஹமீது கவுஸ் பாயோடது. துபாய்க்கு திரும்பிப் போற அவசரத்துல இருந்தாரு. மூணு பத்து சொன்னாரு. எங்கிட்ட ரெண்டரை லட்சம்தான். "பாய், கூட்டினா எட்டு வருதே"ன்னேன். அவருக்கு எங்கேர்ந்து புரியும்? "சார், எல்லா நம்பரும் ஆண்டவன் குடுத்ததுதான்"னு சிரிச்சாரு. அப்ப எனக்கு ஒரு யோசன வந்துது. பாய்க்கு பயம் இல்லன்னா என்னா, வாங்க வர்றவனுக்கு இருக்குமே? கடலூர்லேர்ந்து சிதம்பரம் வரைக்கும் எட்டு புரோக்கரு... ஆமா, எட்டுதான், தற்செயலா அமஞ்சுது... ஒவ்வொருத்தங்கிட்டயும் போயி, "பரங்கிப்பேட்டை செவப்பு வண்டி விக்க வந்துருக்காமே, அது எட்டாச்சே, ஒரே நாள்ல ரெண்டு டயரு வெடிச்சுதாமே"ன்னு கவலையா கேட்டுட்டு டீயக் குடிச்சுட்டு வந்துட்டேன். மூணு வாரம் பாய் வூட்டுப் பக்கம் ஒரு ஆளு போவல. நாலாவது வாரம் அவரே ஃபோன் பண்ணாரு. ரெண்டரைக்கு முடிஞ்சுது. கெளம்பும்போது எங்கையப் புடிச்சுக்கிட்டு, "படிச்சவரு சார் நீங்க, அதான் இதுக்கெல்லாம் பயப்படாம வாங்குறீங்க"ன்னாரு.

சிரிக்காதீங்க. எங்க வூட்டுக்காரி லோகநாயகி அன்னிலேர்ந்து சிரிச்சுக்கிட்டுதான் இருக்கா.

சரி, அதெல்லாம் எதுக்கு. ஓட்டிப் பாருங்க. இந்தாங்க சாவி. பி.முட்லூர் வரைக்கும் போயிட்டு வாங்க... நானா? நான் எதுக்கு தம்பி? தனியா ஓட்டினாத்தான் வண்டியோட சுபாவம் தெரியும். ஓனரு பக்கத்துல உக்காந்துக்கிட்டு பேசிக்கிட்டே வந்தா எஞ்சின் சத்தம் காதுல வுழுமா? ... ஓனரு கூட வர்றது வழக்கம்தான், யாரு இல்லேன்னா? முன்னப் பின்ன தெரியாதவங்கிட்ட சாவியக் குடுக்குறேன்னா அது ஒரு நம்பிக்கைதான்... கரண்டு வேற வந்துரும், மோட்டர் போடணும்... முட்டி வேற வலிக்குது.

ப்ச். அப்பிடிப் பாக்காதீங்க. நான் இதுல ஒக்காந்து மூணு மாசம் ஆவுது. காலையில கதவத் தொறந்து, ஒரு கால தரையில ஊனிக்கிட்டு, எட்டி சாவியத் திருப்பி ஸ்டார்ட் பண்ணுவேன். அஞ்சு நிமிஷம். திரும்ப எட்டி ஆஃப் பண்ணிருவேன்.

ஆக்சிடன்டா? இல்ல. சத்தியமா இல்ல. நாலு வருஷத்துல ஒரு பஞ்சர் கூட இல்ல! கீறல் இல்ல. ஒரு ஆடு குறுக்க வந்துது இல்ல. தானே புயல் அடிச்சுதே, ஞாபகம் இருக்குல்ல? இந்தத் தெருவுல ஒரு ஓடு மிஞ்சல. எதுத்த வூட்டு வண்டி அப்பளமாப் போச்சு. இதுக்கு அந்தாண்ட ஒரு வேப்பமரம் வுழுந்துது, இந்தாண்ட ஒரு வேப்பமரம் வுழுந்துது. நடுவுல இது, கழுவி வெச்ச மாதிரி நிக்குது. ஒரு எல ஒட்டல. அன்னியோட நான் இதுல ஏறுறத வுட்டுட்டேன் தம்பி. எல்லாருக்கும் கெட்டது கொஞ்சம் கொஞ்சமா வருது. இதுக்கு மட்டும் வரல. அப்ப சேத்து வெச்சுக்கிட்டே இருக்குது... இப்பிடி நெனைக்கறது தப்பு. நேத்து நடந்ததுக்கும் நாளைக்கு நடக்கப்போறதுக்கும் சம்பந்தம் கெடையாது, நிகழ்தகவு பாடத்துல நானே நடத்துறேன். காசு பத்து தடவ பூ வுழுந்தாலும் பதினோராவது தடவ அரைக்கு அரைதான். கரும்பலகையில எழுதும்போது நல்லாத்தான் இருக்குது. கதவத் தொறந்தா கால் உள்ள போவ மாட்டேங்குது.

புது வண்டிக்கு என்னா நம்பரா? ...ஆர்டிஓ ஆபீஸ்ல தனியா பணம் கட்டியிருக்கேன். கூட்டினா ஒம்பது. லோகநாயகி ஆசப்பட்டா, அதனாலதான்... இல்ல. அவ சிரிச்சா. நான்தான் கட்டினேன்.

ஏன், சாவிய ஏன் நீட்டுறீங்க? அதான் ஒண்ணுமே ஆவலன்னு சொன்னேனே தம்பி! ஒண்ணு நாப்பதுக்கு வெச்சுக்கிறீங்களா? ஒண்ணு முப்பது? நாளைக்கு பன்னெண்டு மணிக்குள்ள எதாச்சும்... சரி. சரி. உங்க இஷ்டம். நான் வற்புறுத்த மாட்டேன்.

என்னாது? பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுடணுமா? இதுலயா? ...அது பக்கம்தான் தம்பி, ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். வெயிலும் தாழ்ந்துருச்சு. வாங்க, நானும் செருப்ப மாட்டிக்கிட்டு வர்றேன், பேசிக்கிட்டே நடந்துரலாம்.