பனியைத் துடைத்த கை

— அதுக்கு அங்கிட்டுத் தள்ளாத, ஆன்றோ. மூணு மணிப் படத்துலயே நில்லு.

— என்னக்கா இருக்கு இதுல? வெள்ளையா, பஞ்சு மாதிரி. ராத்திரி பூரா மொட்டமாடியில கேமராவ நட்டுவச்சு எடுத்தது இதத்தானா?

— அது லென்ஸ் மேல பூத்த பனி. அரை நிமிசத்துக்கு ஒரு படம்னு கேமரா விடிய விடிய தானா எடுக்கும். எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா, நட்சத்திரமெல்லாம் துருவத்தச் சுத்தி வட்டம் வட்டமா கோடு போடும். நடுவுல பனி மூடினா கோடு அறுந்துரும்.

— அதுக்குத்தான லென்ஸுக்கு அரைஞாண் மாதிரி ஒண்ணு கட்டிவிட்ட?

— சூடு பட்டி. வெளிக்காத்த விட லென்ஸ் கொஞ்சம் கதகதன்னு இருந்தா பனி பிடிக்காது. ஆனா பவர்பேங்க் ரெண்டு மணிக்கு உசுர விட்டுட்டு. தை மாசப் பனி, கூடக் கடக்காத்து. இருவது நிமிசத்துல கண்ணாடி குருடாயிட்டு.

— சரிம்மா ஸ்டுடியோக்காரி. கல்யாணப் படம் எடுத்தமா, வீட்டப் பாத்தமான்னு இரேன். பதினோரு மணிக்குக் கோர்ட்டுல நிக்கணும். வக்கீல் ரெண்டு தடவ போன் போட்டுட்டாரு. கெளம்பு.

— இப்ப பத்து நிமிசம் மட்டும் தள்ளிப் பாரு. மூணு பத்து.

— இது தெளிவா இருக்கே.

— அதுக்கு முந்தின படம்?

— பஞ்சு.

— அரை நிமிசத்துல பனி தானா போகுமாலே?

— காத்தடிச்சிருக்கும்.

— காத்து எங்கயாவது இப்படித் தொடைக்குமா? ஓரத்தப் பெருசாக்கிப் பாரு.

— கோடு கோடா... பச்சையா... வட்டமா இழுத்த மாதிரி இருக்கு.

— இந்தா லென்ஸ். மோந்து பாரு.

— பச்சில வாசம் அடிக்கி.

— எந்தப் பச்சில?

— நான் என்ன வைத்தியரா?

— ஆன்றோ, சங்கு குளிக்கப் போறவுக முகக்கண்ணாடி புகையாம இருக்க எச்சியத் துப்பித் தேய்ப்பாக. ஒரே ஒருத்தரு மட்டும் பூவரசங்கொழுந்தக் கசக்கித் தேய்ப்பாரு. இடப்பக்கமா மூணு சுத்து. யாரு அது?

— அக்கா, காலங்காத்தால வேண்டாம்.

— யாருன்னு கேட்டேன்.

— வில்பிரட் அத்தான். போதுமா? செத்து ஏழு வருசமாவுது...

— செத்தாருன்னு நீ சொல்லுத. காணாமப் போனாருன்னுதான் பேப்பர்ல இருக்கு. இன்னைக்கு எம் புருசன் செத்துட்டாருன்னு நான் கையெழுத்துப் போடணும். எப்படிச் செத்தாருன்னு தெரியாம என் கை ஓட மாட்டேங்குதுலே.

— மாடிக் கதவு... மாடிக் கதவு தொறந்து கெடந்துச்சா?

— பூட்டித்தான் கெடந்துச்சு. சாவி என் தலகாணிக்கு அடியில.

— தொடச்ச கை படத்துல விழணுமே? கேமரா நிக்காமத்தான எடுக்கு?

— கை எங்கயாவது தெரியுதா? நல்லாப் பாரு.

— இல்ல. மாதாவே...

— நம்ம ஆளுகள்ல, கடல்ல எறங்குறவனுக்கு மேல இருந்து கயித்தப் பிடிக்கிறது யாரு?

— மச்சினன்.

— ஏன்?

— இதெல்லாம் உனக்குத் தெரியாதா?

— நீ சொல்லு.

— கூடப்பொறந்தவ தாலி அறுக்கக் கூடாதுன்னு, அவன் மட்டும் கயித்த விடமாட்டான். அதான்.

— எங்க அவுக என்னையத் தேடி வந்திருந்தா ஏழு வருசத்துல என்னைக்காவது வந்திருப்பாக. நேத்து ராத்திரி வந்திருக்காக. அவுக காணாமப் போனதுக்கப்புறம் இந்த வீட்டுல நீ தங்குனது நேத்து ஒரு ராத்திரிதான்.

— எதுக்கு என்னத் தேடணும்? நான் என்ன செஞ்சேன்? பாறையில உரசிக் கயிறு அறுந்துட்டு. கீழருந்து ஒரு அசைவும் இல்ல. போலீசுட்ட சொன்னேன், பங்குச் சாமியார்ட்ட சொன்னேன், உங்கிட்டயும் சொன்னேன்லா?

— சொன்ன. அப்ப மூணு சுத்து எதுக்கு? தொடைக்க ஒரு சுத்து போதாதா?

— அது எனக்குச் சொல்லுதாருக்கா! மூணு இழுப்ப மறந்துட்டியாலேன்னு கேக்குதாரு...

— எந்த மூணு இழுப்பு?

— ஒண்ணுமில்லக்கா. நேரமாச்சு, கெளம்பு.

— ஒரு அசைவும் இல்லன்ன. கயித்துல மூணு இழுப்பு இழுத்தா என்ன அர்த்தம்?

— ‘தூக்கு.’

— யாரு இழுத்தா, ஆன்றோ?

— சத்தியமா திரும்பப் போயிரலாம்னுதான் இருந்தேன்க்கா. நாங்க அன்னைக்குச் சங்குக்குப் போவல. இருட்டோட இருட்டா தீவு ஓரத்துல கடலட்டை எடுக்கப் போனோம். பிடிச்சா ஜெயிலு. தூரத்துல ரோந்துப் படகு வெளிச்சம். அதே நேரம் கையில கயிறு துடிக்கி. ஒண்ணு, ரெண்டு, மூணு. தூக்க நேரமில்ல. கயித்தோட படகக் கெளப்புனா அவர இழுத்துட்டுப் போயிரும். கத்திய எடுத்து...

— கயித்தோட, படகுலருந்து மூச்சுக்குப் போற காத்துக் குழாயும் சேத்துல்ல கட்டியிருக்கும்.

— ஆமா.

— ரெண்டையும் அறுத்துட்ட.

— ஆமாக்கா. போன்ல மணி பாத்தேன். அரை மணி நேரத்துல திரும்பிரணும்னு கணக்குப் போட்டுத்தான் பாத்தேன். நாலு இருவத்தஞ்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துருது.

— நேத்து வந்துச்சா?

— வந்துச்சு. கண்ண மூடிக்கிட்டே கெடந்தேன்.

— இந்தா, இதப் பிடி.

— என்ன இது? பூவரசங்கொழுந்து... வாடிப்போயி...

— மிச்சம். சாவி எங்கிட்டத்தான இருந்துச்சு? மூணு பத்துக்கு மாடி ஏறித் தொடச்சது நாந்தான். கை விழுந்த படத்த அழிச்சிட்டேன். நம்பரப் பாரு, வரிசையில ஒண்ணு கொறையும்.

— அடிப்பாவி! அப்ப அத்தான் வரல. ஒரு எலையக் கசக்கி என் வாயப் பிடுங்கிட்ட!

— நீ என்னைய ஏழு வருசம் ஏமாத்துன. நான் ஒரு ராத்திரி. எந்திரி, கோர்ட்டுக்குப் போவோம். செத்துட்டாருன்னு கையெழுத்துப் போடுதேன். எப்படின்னு ஜட்ஜுகிட்ட நீ சொல்லு.

— சொல்லுதேன். சொல்லிருதேன்க்கா. எனக்கும் தாங்கல... இரு. இங்க பாரு. நீ தொடச்ச பெறவும் பனி மூடியிருக்கு. நாலு மணிப் படமெல்லாம் திரும்பப் பஞ்சு. அப்புறம் இது... தெளிஞ்சிருக்கு.

— லேப்டாப்ப மூடு.

— மணியப் பாருக்கா. நாலு இருவத்தஞ்சு. நம்பரெல்லாம் வரிசையா இருக்கு, ஒரு படமும் அழியல, எதுலயும் கை இல்ல. ரெண்டாவது தடவ தொடச்சதும் நீதான?

— அதுக்குத்தாம்லே அங்கிட்டுத் தள்ளாதன்னேன். நான் மாடி ஏறுனது ஒரு தடவதான்.