வெளிக்கொடி

இல்ல பய்யூமி, வரமாட்டேன். நீ இன்னும் நாலு வாட்டி கேட்டாலும் இதே பதில்தான். மொதல்ல அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு. அதுல இல்லப்பா, அதுல கொத்தமல்லி அலசி வச்சிருக்கேன். ஆங், அதுல. மூணு மாடி ஏறினதுக்கே இப்படி இளைக்குது உனக்கு. காபிக்கடையில இருக்கறவனுக எல்லாம் சேந்து உன்னத் தூது அனுப்பினானுகளாக்கும்? டோமினோவுக்கு ஒரு ஆள் கொறையுதுன்னா அந்த நாவிதன உக்கார வச்சு ஆடுங்க. நல்லா ஏமாத்துவான், பொழுது போகும்.

இன்ஸாஃபா? எம் பொண்டாட்டி குளிக்கிறா. தண்ணி சத்தம் கேக்குதுல்ல? வருவா. மெதுவாத்தான் வருவா. அவசரம் என்ன, வண்டியா பிடிக்கப் போற.

ஏன் அப்படிப் பாக்குற? கத்திரிக்கா கொடையிறேன். உன் வீட்டுல மஹ்ஷி திங்க மட்டும்தான் தெரியும் உனக்கு, உள்ள அரிசி எப்படிப் போச்சுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கியா? இந்தா பாரு. கம்பிய உள்ள விடணும், ஒரே சுத்து. தோலும் கிழியக் கூடாது, அடியும் ஓட்டையாகக் கூடாது. மொத வாரம் பத்துல ஆறு போச்சு. இப்ப வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு, உன் விரல் தெரியும். தாந்தா ஸ்டேஷன் சிக்னல் கேபின்ல முப்பத்திமூணு வருஷம் லீவர் இழுத்த கை இது. ஒரு கத்திரிக்காய்கிட்டயா தோக்கும்?

சிரி, சிரி. நல்லா சிரிச்சுக்கோ.

ரிட்டயர் ஆன அன்னிக்கி எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தாங்களே, நீயும்தான் பக்கத்துல நின்னு கைதட்டின. ஆயுசு பூரா மணி பாத்தே கண்ணு பூத்துப்போனவனுக்கு கடிகாரம் கொடுக்கிறானுக. அந்தா மாட்டியிருக்கேன் பாரு. ஓடல. பேட்டரிய நானேதான் கழட்டிட்டேன். பத்தே கால்ல நிக்குது. சந்தைக்குப் போயிட்டு வந்து, ரெண்டாவது டீயில புதினாவப் போட்டு, பால்கனியில கால நீட்டி உக்கார்ற நேரம் அது. கெய்ரோ வண்டி நேரத்துக்கு வந்தா என்ன, வராட்டி என்ன. தூரத்துல ஊதுறது கேக்கும். ஊதிட்டுப் போன்னு விட்டுருவேன். இந்த சுகம் உனக்குத் தெரியாது. நீ ரிட்டயர் ஆகியும் காலையில ஆறு மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்கிறியாமே. கேள்விப்பட்டேன். நான் மட்டும்தான் ஊருக்கு வேடிக்கையா?

கீரைக்காரி என்னைய எஞ்சினியர் சார்னு கூப்புடுறா, தெரியுமா? ரயில்வேயில ஒருத்தனும் கூப்புட்டதில்ல. முட்டைக்கோஸ் வாங்கினா கையில தூக்கிப் பாக்கணும்யா, பாக்கப் பெருசா இருக்கணும், தூக்கினா லேசா இருக்கணும். அப்பத்தான் எலை தனித்தனியா கழண்டு வரும். அறுபது வயசுக்கு மேல இதெல்லாம் கத்துக்கிட்டேன். வெக்கமா? எதுக்கு வெக்கம்? திருடினேனா?

சரி, சுத்தி வளைக்காத. துணி விஷயத்தத்தான கேக்க வந்த. கேளு.

ஆமா, நான்தான் காயப்போட்டேன். ஆமா, தெருவப் பாத்த கொடியிலதான் போட்டேன். மறைக்க என்ன இருக்கு, அதான் ஊரே பாத்துருச்சே. பால்கனிக்கு வெளிய நாலு கொடி இருக்கா, எதுல எதப் போடணும்னு எனக்கு யாரு சொன்னா? நான் நம்ம புத்திய வச்சு யோசிச்சேன். உள்ளாடை சின்னது, சீக்கிரம் காயும், சீக்கிரம் எடுத்துரலாம். வேக வண்டிய மெயின் லைன்ல விடுறதில்லையா? அந்தக் கணக்குல என் டவுசர், பனியன், அவளோடது, எல்லாத்தையும் வெயில் நல்லா விழுற வெளிக்கொடியில வரிசையா மாட்டி, கிளிப்பப் போட்டு, பெட்ஷீட்ட உள்கொடியில தள்ளிட்டேன். மாட்டிட்டு நின்னு ரசிச்சேன் வேற. எதுத்த வீட்டு உம்மு ஷிரீன் பால்கனிக்கு வந்தா, பாத்தா, அப்படியே உள்ள போயி தங்கச்சியையும் கூட்டிட்டு வந்தா. மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள தெரு முனை வரைக்கும் சேதி போயிருச்சு. ரிட்டயர் ஆன மித்வல்லி வீட்டுல பொம்பள துணி காயப்போடல, ஆம்பள போடுறான்னு. ஒரு ஜட்டி என்னைய ஊருக்குக் காட்டிக் கொடுத்திருச்சுய்யா.

இன்ஸாஃப் அன்னிக்கி வந்து எட்டிப் பாத்தா. பாத்துட்டு செவுத்தப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சா பாரு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. அவ அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. அதுக்காகவே இன்னொரு வாட்டி தொங்கவிடலாம்னு தோணுச்சு எனக்கு.

அப்புறம் நாற்காலியில உக்காந்துகிட்டு பாடம் நடத்தினா. பெட்ஷீட்டும் துண்டும் வெளிக்கொடி, அது திரை மாதிரி. அடுத்தது சட்டை, தலைகீழா. வெள்ளை வெள்ளையோட, கலர் கலரோட. காலுறை ஜோடி ஜோடியா. மானம் கடைசிக் கொடி. இப்ப வந்து பாக்கச் சொல்லு உம்மு ஷிரீன. டைம்டேபிள் மாதிரி போடுறேன். போன வாரம் அவளே எம் பெட்ஷீட்டப் பாத்து ரெண்டு நிமிஷம் நின்னா, உள்ள போயிட்டா. தோத்தவ எப்படிப் போவான்னு எனக்குத் தெரியும்.

கடையில என்ன பேசுறானுக? மித்வல்லி அம்மணிங்கிறானுக, அதானே? சும்மா சொல்லு, எனக்குத் தெரியும். நான் போறப்ப ஒருத்தன் வாயப் பொத்திகிட்டான். இன்ஸாஃப் என்னைய கைக்குள்ள போட்டுக்கிட்டாளாம். ரிட்டயர் ஆன மாட்ட ஏர்ல பூட்டிட்டாளாம். அவ கூடப்பொறந்த அக்காவே வந்து இந்த நாற்காலியில உக்காந்து கேட்டா, புருஷனப் பாத்திரம் தேய்க்க வைக்கிறியே, நரகத்துக்குப் போவன்னு. இன்ஸாஃப் தாடையத் தூக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? நான் முப்பத்தஞ்சு வருஷம் தேய்ச்சேன், இனி அவரு முறைன்னா. அக்கா டீ கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டா. எனக்குக் கைதட்டணும் போல இருந்துச்சு.

அதனால நீ போயிச் சொல்லு. ஆமா, மித்வல்லி பொம்பளையாயிட்டான்னு சொல்லு. கிறுக்குப் பிடிச்சிருச்சு, சமையக்கட்ட விட்டு வெளிய வரமாட்டேங்கிறான், பொண்டாட்டிய அடுப்புக்கிட்ட அண்ட விடமாட்டேங்கிறான்னு சொல்லு. அவ என்னைய அடிக்கிறதா வேணா சேத்துச் சொல்லு, எனக்கு ஆட்சேபணை இல்ல.

என்ன சொன்ன?

இல்ல, திருப்பிச் சொல்லு. அவ உடம்பு நல்லாத்தான இருக்கு, உக்காந்து திங்கிறதுக்கு ஒரு அளவு வேணாமான்னா கேட்ட?

...

தண்ணி இன்னும் ஓடுதா? ஓடுது. கிட்ட வா. கம்பியக் கீழ வச்சிர்றேன்.

போன பெருநாளுக்கு நீயும் இங்கதான் சாப்பிட்ட. கோஸ் மஹ்ஷி. இன்ஸாஃப் எலையில அரிசிய வச்சுச் சுத்தினா சுண்டுவிரல் மொத்தம்தான் இருக்கும்னு தாந்தா பூரா பேரு. அன்னிக்கி சட்டிக்குள்ள பாதி பிரிஞ்சு அரிசியெல்லாம் வெளிய கெடந்துச்சு. எல்லாரும் கரண்டியால அள்ளிச் சாப்பிட்டீங்க. நீயும்தான். நீங்க எல்லாம் போனப்புறம் அவ சட்டி முன்னாலயே நின்னுகிட்டிருந்தா. அதுக்கு முன்னாலயே துணி மாட்டுறப்ப கிளிப்பு கிளிப்பா தெருவுல விழுந்துகிட்டிருந்துச்சு. கீழ மளிகைக் கடைக்காரன் பொறுக்கிப் பொறுக்கி மேல அனுப்புவான். கேட்டா காத்துன்னு சொல்லுவா. எந்தக் காத்து? அசையாத வெயில்.

கை நடுங்குது அவளுக்கு. ரெண்டு கையும். நரம்புன்னு சொல்லிட்டார் டாக்டர். மாத்திரையில கொஞ்சம் மட்டுப்படும், போகாதுன்னார். வீட்டுக்கு வந்ததும் குர்ஆன் மேல என் கைய வச்சு சத்தியம் வாங்கிட்டா. யாருக்கும் தெரியக் கூடாது. மகளுக்குக் கூட. தெரிஞ்சா ஒருத்தி சட்டியில சூப்போட வருவா, இன்னொருத்தி தலையத் தடவுவா, ஐயோ இன்ஸாஃப்னு உச்சு கொட்டுவாளுக. கொடுமைக்காரின்னு சொல்லட்டும் மித்வல்லி, அத நான் தலை நிமிந்து கேட்டுக்குவேன், பாவம்னு மட்டும் சொல்லிறக் கூடாதுன்னா. அவ கேட்டது அது ஒண்ணுதான். அத ஒரு மனுஷன் செய்யமாட்டானா?

சத்தியத்த முறிச்சிட்டேன்தான். அதுக்குப் பரிகாரமா பத்து ஏழைக்குச் சோறு போடணும். மஹ்ஷியே போட்டுர்றேன், இப்பத்தான் கை வந்திருச்சே. உங்கிட்ட எதுக்குச் சொன்னேன்னா, அவ உக்காந்து திங்கிறதா நீ சொன்ன பாத்தியா, அது என்னால பொறுக்க முடியல. அப்புறம் கடையில எம் பொய்ய நேரா மூஞ்சிய வச்சுச் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். நீ சீட்டாட்டத்துலயே மூஞ்சியில எதையும் காட்டாதவன்.

கண்ணத் தொடை. தொடைன்னா தொடை. பாவப்படக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னேன்.

எனக்கு இது பிடிச்சிருக்கு பய்யூமி. அவளுக்காக மொதல்ல ஆரம்பிச்சேன், நெசம்தான். ஆனா இந்த டீ, இந்த வெயில், அவ அங்க உக்காந்து உப்பு கம்மி, தீயக் கொறைன்னு அதட்டுறது, எல்லாம் எனக்குப் பிடிச்சிருக்கு. அதுல பொய்யில்ல.

தண்ணி நின்னுருச்சு. கேளு, சீக்கிரம். அவ வந்ததும் வழக்கம்போல எந்திரிச்சு கை குடுக்க நீட்டிராத. மார்க்கப்பற்று அதிகமான ஆம்பளைங்க பொம்பளைங்களுக்கு சலாம் சொல்றப்ப கை குடுக்காம நெஞ்சுல கைய வைப்பாங்கல்ல, அப்படி வச்சுச் சொல்லு. பள்ளிவாசப் பக்கமே ஒதுங்காத பய்யூமிக்கு எப்பயிருந்து இவ்வளவு பக்தின்னு கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பா. சிரிக்கட்டும். சிரிச்சுகிட்டே அவளும் கைய நெஞ்சுல வச்சுக்குவா.