கட்டிலோரம் மறுக்காதது

"ரெண்டு நாளைக்கு நீங்க யாரும் இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது சார்."

வாடிக்கையாளரிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று எங்கள் ஆலோசனை நிறுவனத்தின் மேலாளர் சொல்லியிருந்தார். தகர டப்பா ஆலையின் மேனேஜரிடம் கேட்டேன். "தைரியமான பொண்ணும்மா நீ" என்று சிரித்தபடி அறைச் சாவியைத் தந்தார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது ஆய்வாளர் ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் தொழிலாளர்களிடம் தனியாகப் பேசினேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா காலமெல்லாம் மிஷினோடு மல்லுக்கட்டியவர். இதைச் சொன்னதும் பேக்கிங் அக்கா மனம்விட்டுப் பேசினாள்.

"மூணாம் நம்பர் மிஷின்ல கைத்தடுப்பைக் கழட்டிட்டாங்க தங்கச்சி, வேகம் வேணுமாம். அது மிஷினா? பசியெடுத்த மாமியாரு. கைய நீட்டுனா விடாது. என் பேரு வராதுல்ல?"

"வராதுக்கா."

எங்கள் தொழிலில் அறிக்கையின் வரைவை முதலில் வாடிக்கையாளருக்குக் காட்டுவோம். தடுப்பு இல்லை என்று எழுதியிருந்தேன். அதன்பின் ஒரு வாரம் மேனேஜர் என் போனை எடுக்கவில்லை. "உறவைக் கெடுத்தவ நீ, நீயே ஒட்ட வை" என்றார் என் மேலாளர். நேரில் போனேன். "யாரு சொன்னதுன்னே தெரியாம நான் எப்படிம்மா உன்னை நம்புறது?" என்றார் மேனேஜர்.

பெயரைச் சொல்லவில்லை. இரண்டாம் வரைவில் 'ஒரு தொழிலாளி' என்று போட்டு, அந்த மாமியார் பேச்சை அப்படியே சேர்த்தேன். டைப் அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். அப்படிப் பேசுகிறவள் அந்த ஆலையில் ஒருத்திதான். அது எனக்குத் தெரியும்.

படித்துவிட்டு மேனேஜர் தலையாட்டினார். தடுப்பு விஷயத்தை அடுத்த அறிக்கைக்குத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். அன்றிலிருந்து எனக்குத் தனி மேசை, தனி டீ.

திங்கட்கிழமை அக்காவை மூணாம் நம்பருக்கு மாற்றினார்கள். எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். 'பரஸ்பர நம்பிக்கை' என்ற அத்தியாயத்தை முடிக்க வேண்டியிருந்தது. பதினோராம் நாள், வலது கை, நான்கு விரல்கள்.

அவளுடைய கவனக்குறைவு என்று சொல்லச் சொல்லித்தான் என்னை உங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வரைவுகளும் இந்த உறையில் இருக்கின்றன. தேதியைப் பாருங்கள்.

மேனேஜர் கேட்டார், என் மேலாளர் நெருக்கினார் என்றெல்லாம் சொல்லலாம். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. நான்தான் அவளைக் காட்டிக்கொடுத்தேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் அக்கா இடது கையால் என் கன்னத்தைத் தொட்டு, "எங்களுக்காக எழுதுனவ நீ ஒருத்திதான் தங்கச்சி" என்றாள். நான் மறுக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. வெளியே என் மேலாளர் நிற்பார், நிற்கட்டும். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. வேறு யாராவது சொல்லுமுன் அவளிடம் நானே சொல்ல வேண்டும். வருகிறேன் ஐயா.