ஆறாவது வரி

வீடு மாறினால் முப்பது நாளுக்குள் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றிவிட வேண்டும். பலர் மாற்றுவதில்லை. நான் பன்னிரண்டாம் நாளே மாற்றியவன். இந்த மாதிரி விஷயங்களில் நான் கறாராக இருப்பேன் ஐயா, அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். என் மாமனாரின் உரிமத்தையும் நான்தான் முன்னின்று மாற்றிக் கொடுத்தேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

பழைய வீடு அவருடையது. பதினோரு வருடம் அங்கே வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவர் மாப்பிள்ளை, நம்மகூடதான் இருக்காரு" என்று அறிமுகப்படுத்துவார். புதிதாக வாங்கிய மிக்ஸியைக் காட்டுவது போல இருக்கும். பிறகு சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்த வீட்டை இடித்தார்கள். நான் என் பெயரில் ஒரு வீடு பிடித்தேன், கேட்டில் என் பெயரைப் பதித்தேன். இனிமேல் அவர்தான் வீட்டோடு மாமனார் என்று மனசுக்குள் ஒரு குதியாட்டம். குடிவந்த மறுநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் அவர் சொன்னார்: "இவர் மாப்பிள்ளை. நம்மகூடதான் இருக்காரு."

எனக்குக் கோபம் வரவில்லை. நான் சட்டென்று கோபப்படுகிற ஆள் இல்லை.

அவருக்குக் கண் போய்விட்டது என்பது அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. வாசலில் என் மழைக்கோட்டு மாட்டியிருந்த ஸ்டாண்டிடம், "எப்ப வந்தீங்க? நிக்கிறீங்களே, உக்காருங்க" என்று உபசாரம் செய்துகொண்டிருந்தார். பழைய தெருவில் நாற்பது வருடம் கார் ஓட்டியவர். மாவு மில் சத்தம் கேட்டால் இடது பக்கம் திருப்புவார், பட்டறைச் சத்தம் தேய்ந்தால் பிரேக் போடுவார். அந்தக் காரைக் கண்டாலே தெருவே ஒதுங்கிக்கொள்ளும். அதை அவர் மரியாதை என்று நினைத்திருந்தார்.

என் மனைவிக்கும் சந்தேகம் இருந்தது. "அப்பாவுக்குக் கண்ணு சரியில்லைங்க. நாம சொன்னா கேக்க மாட்டாரு. எழுபது தாண்டினவங்க அட்ரஸ் மாத்தப் போனா கண் டெஸ்ட் வெக்கிறாங்களாமே. அதுல தேறலைன்னா அவங்களே வண்டி ஓட்டக்கூடாதுன்னு சொல்லிடுவாங்க. நீங்க கூட்டிட்டுப் போங்களேன்."

நல்ல யோசனை என்றேன். உண்மையிலேயே நல்ல யோசனைதான்.

அன்று சாயங்காலமே விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். முகவரிக் கட்டம் வந்ததும், "மாப்பிள்ளை வீடுன்னு சேர்த்துப் போடட்டுமா மாமா?" என்று கேட்டேன். விளையாட்டுக்குத்தான்.

"அதெல்லாம் எதுக்கு மாப்ளே? நம்ம வீடுதானே."

பேனாவை மூடினேன். இந்த இடத்தில்தான் முடிவெடுத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

என் முகவரியை மாற்றப் போனபோதே அந்தப் பரிசோதனை அறையை எட்டிப் பார்த்திருந்தேன். சுவரில் ஒரே ஓர் எழுத்து அட்டை, ஓரம் பழுப்பேறி, ஆறு வரி. அதிகாரி ஒரு ஸ்கேலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வருவார். மாற்றி மாற்றிக் கேட்கிற கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. மறுநாளே போய் போனில் படம் எடுத்துவந்தேன். ஆறு நாள், என் மனைவி இல்லாத நேரமாகப் பார்த்து, வீட்டில் பாடம் நடந்தது, நாளுக்கு ஒரு வரி. ட. ப, ம. ய, க, ல. குளிக்கும்போதுகூட ராகம் போட்டு ஒப்பித்தார்.

"இது காப்பி அடிக்கிற மாதிரி இல்லையா மாப்ளே?"

"உங்க கண்ணுக்கு என்ன மாமா? பதற்றத்துல உளறிடக்கூடாது, அவ்வளவுதான்."

ஸ்கேல் நாலாவது வரிக்கு வருவதற்குள் அவர் ஆறாவது வரியை முடித்துவிட்டார். "பெரியவருக்குக் கழுகுக் கண்ணு" என்றார் அதிகாரி. மாமனாருக்கு வெட்கமும் பெருமையும் தாங்கவில்லை. நன்றி சொல்லி, பக்கத்திலிருந்த அலமாரிக்குக் கைகொடுத்துவிட்டு வந்தார். தேறிவிட்டார் என்று கேட்டதும் என் மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பழைய தெரு அவருக்கு மனப்பாடம். புதுத் தெரு அப்படியில்லை. அதனால் அதையும் நானே சொல்லிக்கொடுத்தேன். தினமும் காலை ஒன்பது மணிக்குப் படிப்பகத்துக்குக் காரில் போவார். அங்கே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார், இவர் கேட்டுவிட்டு நான் படித்தேன் என்பார். பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஒரு தாளில் தடித்த பேனாவால், விரல் நீளத்துக்கு எழுத்து வைத்து, ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். கேட். இடது. முப்பது எண்ணு. வலது. நேராக அறுபது எண்ணு. மெதுவாகத்தான் போவார். பத்து நாளில் ஒரு பூனைகூடச் சாகவில்லை. ஓட்டுநர் என்றால் அவர்தான் ஓட்டுநர்.

நான் குடிநீர்க் குழாய்ப் பிரிவில் மேற்பார்வையாளர் என்பது உங்களுக்குத் தெரியும். எந்தத் தெருவை எந்த நாளில் தோண்டுவது என்பது என் கையெழுத்து. அந்த வியாழக்கிழமைக்கு, அவர் அறுபது எண்ணுகிற அந்த நேர் சாலையைக் குறித்தேன். பத்தடி ஆழம். காலை எட்டரை மணிக்குள் தோண்டிவிட்டார்கள். தடுப்புகளை லாரியிலிருந்து இறக்கப் போனவர்களிடம், "அதையெல்லாம் அடுத்த தெருவுக்குக் கொண்டு போங்க. பட்டப்பகல்ல எதுக்கு? கண்ணிருக்கிறவன் பார்த்துப் போவான்" என்றேன். பிறகு எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

"இன்னைக்கு நீங்களும் வர்றீங்களா மாப்ளே?"

"வேலை கிடக்கு மாமா. நீங்களே எண்ணிக்கிட்டுப் போங்க."

நானும் கேட்டருகே நின்று கூடவே எண்ணினேன். முப்பது. வலது. மறுபடி ஒன்றிலிருந்து. நாற்பத்தொன்றுக்கு மேல் எண்ண வேண்டியிருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவருடைய புது உரிமம் தபாலில் வந்தது. கதவு எண், தெரு, எல்லாம் பிழையில்லாமல் இருந்தது. என் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசவில்லை. நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

இப்போது நீங்கள் மேசையில் வைத்த இந்தத் தாள் என் எழுத்துதான். அவர் சட்டைப் பையில் இருந்ததா? மடித்து மடித்து நைந்துபோயிருக்கிறது. இவ்வளவு பெரிதாக எதற்கு எழுதினாய் என்று கேட்கிறீர்கள், நியாயமான கேள்வி. முதல் ஐந்து வரியும் நான் எழுதியது.

ஆறாவது வரி என்னுடையது இல்லை. இதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

'மாப்பிள்ளை கூட இருந்தால் எண்ண வேண்டாம். அவர் பார்த்துக்கொள்வார்.'

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

எழுத்தைப் பாருங்கள் ஐயா. கோணல்மாணலாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசிச் சொல் தாளை விட்டே வெளியே போயிருக்கிறது. இப்படி எழுதுகிற மனிதருக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள். அது அந்த அலுவலகத்தின் பெரிய தவறு. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.