முப்பத்தெட்டு நிமிடமும் இருநூற்று ஆறாம் தலைமுறையும்

என் பெயரும் விலாசமும் இந்த வாக்குமூலத்தின் தலைப்பில் கண்டபடி சரி. வயது நாற்பத்திரண்டு. கணவர், மாமியார், பள்ளியில் படிக்கும் மகள் ஆகியோருடன் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். பூச்சி ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் தரைத்தளத்தில் பதினோரு ஆண்டுகளாக டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். என் வேலை கொசு வளர்ப்பது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பது எனக்குப் பழக்கம். இதை எழுதும் காவல் நிலைய எழுத்தரும் சிரித்து முடித்துவிட்டதால் மேற்கொண்டு சொல்கிறேன்.

எங்கள் நிலையத்தின் நிர்வாக அலுவலரையும் மருந்தடிக்கும் தொழிலாளி ஒருவரையும் சென்ற செவ்வாய்க்கிழமை காலை முப்பத்தெட்டு நிமிடம் அடைத்து வைத்தேன் என்பது என் மீதான புகார். நிர்வாக அலுவலரை நாங்கள் எல்லோரும் சுற்றறிக்கை என்றுதான் சொல்வோம். தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்பி மூட வேண்டும் என்பதற்குக்கூட அவர் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறார். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். அதற்கு மட்டும் இன்னும் சுற்றறிக்கை வரவில்லை.

நான் வளர்க்கும் கொசுவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. பதினேழு ஆண்டுகளாக எந்தக் கொசு மருந்தும் படாமல், ஒரே அறைக்குள் பிறந்து அதே அறைக்குள் செத்து வரும் வம்சம் அது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எழுபத்து நான்காவது தலைமுறை. சென்ற மாதம் இருநூற்று ஆறு. வெளியில் உள்ள கொசுக்களுக்கு மருந்து பழகிப்போய்விட்டது. காய்ச்சல் பரவும் காலத்தில் எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது என்று சுகாதாரத் துறை எங்களிடம்தான் கேட்கிறது. மருந்தையே பார்க்காத கொசுவோடு ஒப்பிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும். கடையில் எடைக்கல் எப்படியோ, எங்களுக்கு இந்தக் கொசு அப்படி. இதே வம்சம் இன்னொரு நிலையத்திலும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிக்கொசு கலந்து வீணாய்ப் போனது. மிச்சம் இருந்தவை எங்கள் பதினெட்டுக் கூண்டுகள்தான். ரத்தம் ஊட்டும் கருவி இரண்டு முறை பழுதானபோது என் கையையே கூண்டுக்குள் விட்டு ஊட்டியிருக்கிறேன். அது பதிவேட்டில் இல்லை.

மருந்து பட்டறியாத உடம்பு என்பதால் அவற்றுக்கு வாடை பட்டாலே போதும், செத்துவிடும். அந்த அறைக்குள் போகிறவர் துணியில் கொசுவத்திப் புகை ஏறியிருக்கக் கூடாது. ஆகவே பதினோரு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் கொசுவத்தி கிடையாது, பூசும் களிம்பு கிடையாது. என் வீட்டுக்காரர் சாப்பிடும்போதும் இடது கையில் கொசு மட்டையோடுதான் உட்காருவார். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார் சொல்வது இது: “கொசுவுக்கெல்லாம் வேளாவேளைக்குப் பாத்துப் பாத்துச் செய்யுறா. மாமியாருக்கு ஒரு கொசுவத்தி கொளுத்த மட்டும் மனசு வரல.” அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை.

மூன்று வாரங்களுக்கு முன், ஆய்வுக் குழு வரவிருப்பதால் கட்டடம் முழுவதும் கொசு மருந்து அடிக்கப்படும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. போன முறை வந்த குழுவில் ஒருவரை நடைபாதையில் கொசு கடித்துவிட்டதாம். அன்றே நான் தரைத்தளத்தை மட்டும் மருந்தடிக்காமல் விட்டுவிடும்படி கடிதம் கொடுத்தேன். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அதன் பிறகு இரண்டாவது கடிதம் கொடுத்தேன். பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. அதன் பிறகு மூன்றாவது கடிதம் கொடுத்ததற்கு, ‘தரைத்தளம் உட்பட’ என்று அடிக்கோடிட்டுப் புதிய சுற்றறிக்கையே வந்துவிட்டது. நான் நேரில் போய், கடித்த கொசு எங்களுடையது அல்ல, அவருடைய அறை வாசலில் இருக்கும் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரில் பிறந்தது என்று சொல்லி, அந்தத் தண்ணீரை ஒரு குவளையில் எடுத்து அதில் நெளியும் புழுக்களையும் காட்டினேன். எங்கள் கொசு அவர் அறைப் பக்கம் வந்தால் அங்கே பிளக்கில் செருகி வைத்திருக்கும் கொசு மருந்து வாடையிலேயே செத்துவிடும் என்றும் சொன்னேன். அவர் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு, “கொசுன்னா கொசுதானேம்மா. இதுல என்ன உங்க கொசு, எங்க கொசு?” என்றார். ஆராய்ச்சி நிலையத்தில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவர் பேசுகிற பேச்சு இது. தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் தலைமை விஞ்ஞானியான டாக்டரம்மா வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்க்கொண்டிருந்தார்; விமானத்தில் இருந்ததால் போன் எடுக்கவில்லை. காலை பத்து இருபதுக்கு நான் கூண்டுகளில் சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சு மாற்றிக்கொண்டிருந்தேன். கொசு அறைக்கு இரண்டு கதவுகள். நடுவில் இரண்டு பேர் நிற்கும் அளவுக்கு ஒரு சிற்றறை. வெளிக்கதவு மூடினால்தான் உள்கதவு திறக்கும். கூண்டுக் கொசு ஏதாவது சிற்றறைக்குள் தப்பி வந்துவிட்டால், அதைப் பிடிக்கும்வரை இரண்டு கதவுகளையும் பூட்டி வைக்கக் கொசு அறைக்குள் ஒரு சிவப்பு சுவிட்சு இருக்கிறது. கதவுக் கண்ணாடி வழியாகச் சுற்றறிக்கை முன்னாலும், முதுகில் மருந்து டப்பாவோடு தொழிலாளி பின்னாலும் சிற்றறைக்குள் வருவதைப் பார்த்தேன். வெளிக்கதவு மூடியதும் சுவிட்சைப் போட்டேன்.

அதன் பிறகு நடந்ததை வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சுவிட்சை எடுத்தால் உள்கதவும் அவர்களுக்குத் திறந்துவிடும். அதனால் நான் கண்ணாடி வழியாக, “திரும்பிப் போயிடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், இப்பவே திறந்துடுறேன்” என்றேன். அவர் வார்த்தை கொடுக்க மறுத்து, சட்டைப் பையிலிருந்து காகிதம் எடுத்து, நின்றபடியே எனக்கு மெமோ எழுதி, அதைக் கண்ணாடியில் ஒட்ட வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் பதிவேட்டுத் தாளில் விளக்கம் எழுதி என் பக்கத்துக் கண்ணாடியில் காட்டினேன். அவர் இரண்டாவது மெமோ எழுதினார். மருந்தடிக்கும் தொழிலாளி தனக்கு இன்னும் இரண்டு கட்டடம் பாக்கி இருப்பதாகப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, டப்பாவைக் கழற்றிக் கீழே வைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பத்து ஐம்பத்தெட்டுக்குக் காவலாளி வந்து மாற்றுச் சாவியால் வெளிக்கதவைத் திறந்து இருவரையும் அழைத்துப் போனார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பஞ்சு மாற்றும் வேலையை முடித்தேன். பதினொன்றேகால் மணிக்கு சிற்றறைக்குள் போனபோது தரையில் ஈரம் இருந்தது. டப்பாவின் குழாய் முனை ஒழுகியிருக்கிறது. எங்கள் அறையில் கொசு வெளியே போகாமலிருக்க, சிற்றறைக் காற்றை உள்ளே இழுக்கும்படி விசிறி வைத்திருக்கிறார்கள். அந்த விசிறியின் வடிகட்டியை வாரம் தவறாமல் கழற்றிக் கழுவுகிறவள் நான். முப்பத்தெட்டு நிமிடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மெமோ படித்துக்கொண்டிருந்தபோது அந்த விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் காலையிலேயே வெளியே போய் நடைபாதையில் வெளிக்கதவை மறித்து நின்றிருந்தால் ஒரு கொசு செத்திருக்காது. உச்சிவேளையில் கதவோரக் கூண்டுகள் இரண்டும், மூன்று மணிக்குள் பதினெட்டும் போயின. அவை உடனே சாவதில்லை. மல்லாந்து கிடந்து வெகுநேரம் கால்களை அசைக்கும். நான் ஒவ்வொரு கூண்டாக எண்ணிப் பதிவேட்டில் எழுதினேன். மறுநாள் சுற்றறிக்கையின் உத்தரவுப்படி, அறையில் இருந்த முட்டைத் தாள்களையும் கழிவுப் பையில் போட்டு நீராவியில் அவித்துவிட்டார்கள். என்னைத் தற்காலிக வேலை நீக்கம் செய்து, வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு பக்கத்து ஆய்வகத்தில் வேலை செய்யும் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். “ஒரு கொசு வெளிய வந்துடுச்சு, அதான் சுவிட்சப் போட்டேன்னு சொல்லிடு. சுவிட்சு அதுக்குத்தானே இருக்கு. கேஸே நிக்காது” என்றார். அவர் சொன்னது சரிதான். விதிப்படி யாரும் என்னைத் தொட முடியாது. இரண்டு நாள் யோசித்தேன். அன்று எந்தக் கொசுவும் வெளியே வரவில்லை. அவர்கள் இருவரையும் தடுக்கவே, தெரிந்தே, சுவிட்சைப் போட்டேன். இதில் நான் பொய் சொன்னால் அடுத்துச் சொல்லப்போவதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்துச் சொல்வதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இந்தக் கொசுவின் முட்டையைத் தாளில் உலர்த்தி வைத்தால் தண்ணீர் படும்வரை மூன்று, நான்கு மாதம் உயிரோடு இருக்கும். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்த அன்று மாலை, இருநூற்று ஆறாம் தலைமுறையின் முட்டைத் தாள் மூன்றை உறையில் போட்டு ஒட்டி, தேதியும் நேரமும் எழுதி, கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். நிலையத்திலிருந்து உயிருள்ள எதையும் அனுமதியின்றி வெளியே கொண்டுபோவது நிரந்தர வேலை நீக்கத்துக்குரிய குற்றம். அந்த விதித்தாளில் ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டாக்டரம்மா உட்பட யாருக்கும் நான் சொல்லவில்லை. அவரிடம் இரகசியமாகக் கொடுத்திருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எங்கள் வேலையில், எங்கிருந்து யார் எப்போது எடுத்தார் என்று எழுத்தில் இல்லாத முட்டை குப்பைக்குச் சமம். சோதித்துப் பார்க்கக்கூட எடுக்க மாட்டார்கள். என்னைப் பதிவேட்டைத் தொட விடவில்லை. என் பேச்சை எழுதி, தேதி போட்டு, முத்திரை வைக்கிற இடம் எனக்கு இதுதான் மிஞ்சியது.

உறையை என் வீட்டுக்காரர் சாலையின் எதிர்ப்புற நடைபாதை நிழலில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எழுத்தரின் மேசைக்கடியில் கொசுவத்தி எரிந்ததால் நான் உள்ளே கொண்டுவரவில்லை. இன்ஸ்பெக்டர் அதை அணைக்கச் சொல்லி, ஜன்னல்களையும் திறக்கச் சொன்னார். டாக்டரம்மா ஊர் திரும்பிவிட்டார். நான்கு மணிக்கு வந்து பெற்றுக்கொள்வதாகப் போனில் இன்ஸ்பெக்டரிடமே சொல்லியிருக்கிறார். நிலையத்திலிருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கேட்டார். தெரியும் என்று இரண்டு முறையும் சொன்னேன்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். ஒப்படைக்கும் பொருள் என்ற இடத்தில் எழுத்தர் ‘ஒட்டிய காகித உறை, ஒன்று’ என்று எழுதியிருந்தார். அப்படியிருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, பின்னே என்னதான் எழுதுவது என்று சலித்துக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல, அந்த வரியை அடித்துவிட்டு, ‘கொசு முட்டை, இருநூற்று ஆறாம் தலைமுறை, எண்ணிக்கை இரண்டாயிரத்து நூற்று நாற்பது, உயிருள்ளவை’ என்று எழுதினார். அடித்தல் திருத்தல் என்னால் ஒப்புக்கொள்ளப்பட்டது. நான் எதையும் கூட்டியும் சொல்லவில்லை, மறைத்தும் சொல்லவில்லை. முழுவதும் கேட்டு, சரியென்று கண்டு, கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)