பதினோராவது டிராக்

மாலை நாலேகால் மணி. டிசம்பர் மாதம். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மலைப்பக்கம் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். ஒரு வண்டி போகிற அகலத்துக்குத்தான் பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புதர்வேலி. போதாததற்கு மூடுபனி... அந்தப் பாதையில் ஒரு பழைய பச்சைக் கார் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியவன் பெயர் எம்ரிஸ். வேல்ஸ்காரன். இருபத்துமூன்று வயது. அவன் எதற்காகப் போனான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கம்பளியை இழுத்து மூடிக்கொள்ளுங்கள். பெர்னார்ட், வேனின் பின்கதவைச் சரியாகச் சாத்து. பனி சக்கரத்தில் பாதி ஏறிவிட்டது, விடியும்வரை எந்த டிராக்டரும் இந்தப் பக்கம் வராது. நம் கச்சேரிதான் போச்சு, கதையாவது கேளுங்கள். இது எனக்கு நடந்ததில்லை. என் சிநேகிதன் ரால்ஃபின் அக்காள் புருஷனுக்கு நடந்தது. அக்காள் பெயர் முரியல். புருஷன் நெவில். முரியல் தம்பியிடம் சொன்னாள், தம்பி என்னிடம் சொன்னான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

நெவில் ஆர்கன் வாசிப்பவன். இசைக்கல்லூரியில் படித்தவன். இசைக்குழுவை ஆரம்பித்ததே அவன்தான். ஜைல்ஸ் பாடுவான், பேஸ் கிதாரும் அவனே. கென் டிரம்ஸ். எம்ரிஸ் கடைசியாக வந்து சேர்ந்த கிதார்காரன். நாலு பேரும் ஒரு பண்ணைவீட்டில் தங்கி, மாட்டுத்தொழுவத்தில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மழை பெய்தால் பழைய சாணி வாடை இன்னும் வருமாம்.

அந்தக் காலத்து வழக்கப்படி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. "ஏழு வாசல்" என்று பெயர். ஒரு ராஜா ஏழு வாசலைக் கடந்து போகிறான். ஏன் போகிறான் என்று ஜைல்ஸைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. ஆனால் ஆறாம் வாசலுக்கும் ஏழாம் வாசலுக்கும் நடுவில் பாட்டு நின்றுவிடும். மூன்று நிமிடம் ஒரே ஒரு வாத்தியம் தனியாகப் பேசவேண்டும். அந்த மூன்று நிமிடத்துக்குத்தான் மொத்தப் பாட்டையும் எழுதினேன் என்று நெவில் முரியலிடம் சொல்லியிருக்கிறான். நாலு மாதமாக, யார் காதிலும் விழாமல், அதற்கு ஆர்கன் இசை எழுதிக்கொண்டிருந்தான்.

பதிவு செய்ய வேண்டிய வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நூற்றிமூன்று டிகிரி.

"இடம் சும்மாதானே கிடக்கு, இப்போதைக்கு எதையாவது வாசிச்சு வைடா" என்று ஜைல்ஸ் எம்ரிஸிடம் சொன்னான். எம்ரிஸ் வாயில் பெப்பர்மின்ட்டை ஒதுக்கிக்கொண்டான். வாசிக்கப்போகும் முன் மூக்கை ஒருதரம் உறிஞ்சுவான், அது அவன் வழக்கம். உறிஞ்சினான். வாசித்தான். ஒரே தடவை... தேநீர்த் தட்டோடு வந்த சமையல்காரி திருமதி பிரீஸ் கதவோரம் அப்படியே நின்றுவிட்டாள். வாசித்து முடிக்கும்போது தேநீரில் ஆடை படிந்திருந்தது.

நெவில் எழுந்து வந்தபோது முடிவெடுக்கக் காத்திருந்தார்கள்.

"கை தூக்குங்கப்பா. அந்த இடத்துல ஆர்கனா, கிதாரா?" என்றான் ஜைல்ஸ்.

இரண்டையும் வைக்கலாமே என்று கேட்காதே, பெர்னார்ட். நீ டிரம்ஸ்காரன், உனக்காகச் சொல்கிறேன். தட்டின் ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நிமிடம்தான் கொள்ளும், அது நிரம்பிவிட்டது. அந்த அகலமான டேப்பில் பதினாறு டிராக். ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியம். பதினைந்து போய்விட்டது. மிச்சம் இருந்த பதினோராவதில் எம்ரிஸ் உட்கார்ந்திருந்தான். அதிலேயே இன்னொருவர் வாசித்துப் பதிந்தால் முன்னால் இருந்தது அழிந்துபோகும்.

கென் கிதாருக்குக் கை தூக்கினான். ஜைல்ஸ் தூக்கினான். எல்லோரும் பார்க்கிறார்களே என்று நெவிலும் தூக்கினான். வயிறு பற்றி எரிந்தது.

எம்ரிஸ் கெட்டவனாக இருந்திருந்தால்கூடத் தேவலாம். அன்று மாலையே நெவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நெவில், நான் வாசிச்சதுக்கு ஏதோ ஸ்கேல்னு பேரு இருக்காமே? எனக்கு ஒரு எழவும் தெரியாது. நீ படிச்சவன், கொஞ்சம் சொல்லிக்குடேன்" என்றானாம். நெவிலுக்கு அவன் குரல்வளையைப் பிடிக்கலாம் போலிருந்தது. அந்த வாரக்கடைசி முரியல் பார்க்க வந்தாள். ஒருதரம் டேப்பைக் கேட்டாள். மறுநாள் காலை கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டே எம்ரிஸின் இசையை முணுமுணுத்தாள். பதினோரு வருடக் கல்யாணத்தில் அவள் நெவிலின் இசை ஒன்றைக்கூட முணுமுணுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை வாய்ப்பு கிடைத்தது. ஒலிப்பதிவாளர் டென்னிஸ் மகளின் பள்ளி நாடகத்துக்குப் போய்விட்டார். ஜைல்ஸும் கென்னும் ராத்திரி கண்விழித்ததில் மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்தது எம்ரிஸ் மட்டும்.

"ஆர்கன்ல ஃப்யூஸ் போயிடுச்சு. டவுனுக்குப் போனாத்தான் கிடைக்கும்" என்றான் நெவில். ஃப்யூஸ் நன்றாகத்தான் இருந்தது.

"அவ்வளவுதானே, நான் போய்ட்டு வரேன். நீ காய்ச்சல்ல கிடந்தவன், வெளிய வராதே" என்று சொல்லி, எம்ரிஸ் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டான்.

நாலேகால்... நெவில் டேப்பை ஆறாம் வாசலுக்குக் கொண்டுவந்தான். பதினோராவது டிராக்கில் பதிவுக்கான சிவப்பு விளக்கைப் போட்டான். ஆர்கனில் கை வைத்தான். மூன்று நிமிடம். நாலு மாதத்து உழைப்பு. ஒரு பிசகு இல்லை. அவன் வாசிக்க வாசிக்க எம்ரிஸின் கிதார் நொடிநொடியாக அழிந்துகொண்டே வந்தது. முடித்ததும், "இப்ப பாருடா" என்று வாய்விட்டுச் சொன்னானாம். அதைச் சொல்லித்தான் முரியலிடம் அழுதிருக்கிறான்.

ஐந்தரைக்குப் போலீஸ்காரர் வந்தார். பால் லாரி மோதிவிட்டது.

விசாரணையில் லாரிக்காரர் சொன்னது இது. வேல்ஸ்காரன் வேகமாக வரவில்லை. வேலியோரமாகத்தான் வந்தான். ஆனால் லாரி வெளிச்சம் காருக்குள் விழுந்தபோது அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கவில்லை. இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்... எதையோ தொலைத்துவிட்டவன் மாதிரி.

அடக்கம் முடிந்த வெள்ளிக்கிழமை, மத்தியானம், எல்லோரும் தொழுவத்தில் உட்கார்ந்தார்கள். டென்னிஸ் டேப்பைக் கோத்தார்.

"நல்லவேளை, அவன் வாசிச்சதாவது நம்மகிட்ட இருக்கு. போடுங்க டென்னிஸ்" என்றான் ஜைல்ஸ். கென் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தான்.

நெவில் சுற்றுகிற டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாமா? இன்னும் அரை நிமிடத்தில் ஆர்கன் கேட்கும், எப்படியும் தெரிந்துவிடும். ஆறாம் வாசல் முடிந்தது. டேப் ஓடுகிற 'ஸ்ஸ்...' சத்தம் மட்டும்.

பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

கென் இல்லை. ஸ்பீக்கரில்தான். அதையடுத்து, ரொம்ப தூரத்தில் ஒரு கிதார்... ஒரு நொடி கழித்து அதே ஸ்வரங்களில் நெவிலின் ஆர்கன். மூன்று நிமிடமும் இப்படியே. கிதார் முன்னால், ஆர்கன் பின்னால். அறை முழுக்கப் பெப்பர்மின்ட் வாசனை.

கவனமாகக் கேளுங்கள். அது எம்ரிஸ் முன்பு வாசித்த இசை இல்லை. நெவில் நாலு மாதம் ஒளித்துவைத்து எழுதியது. எம்ரிஸ் உயிரோடு இருந்தவரை அதில் ஒரு ஸ்வரத்தைக்கூடக் கேட்டதில்லை. அதை, நெவிலுக்கு ஒரு நொடி முன்னால், நெவிலைவிட அழகாக வாசித்துக்கொண்டிருந்தான்.

கென் பாய்ந்துவந்து நெவிலைக் கட்டிக்கொண்டான். "அவன் பின்னாலேயே போயிருக்கியே நெவில்! ஒவ்வொரு ஸ்வரமா! ரெண்டு பேரும் எப்படா இதைச் செஞ்சீங்க? சொல்லவே இல்லையே!"

"நம்ம நெவிலா இது? இவ்வளவு பெரிய மனசு எங்கிருந்துடா வந்துது?" என்றான் ஜைல்ஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தப்பா நினைக்காதே... முதல்ல வர்றதுதான் நல்லா இருக்கு. ஆனா ரெண்டும் சேர்ந்தாத்தான் உயிர்" என்றான்.

நெவில் வாயைத் திறந்தான். அது என்னுடையது, நான் எழுதியது என்று சொல்லவேண்டும். சொன்னால் எம்ரிஸை அழித்ததையும் சொல்லவேண்டும். வாயை மூடிக்கொண்டான்.

டென்னிஸ் மட்டும் அசையவில்லை. எல்லோரும் வெளியே போன பிறகு நெவிலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "டேப்பைச் சுத்தி வச்சா, ஒரு சுத்துல இருக்கிற சத்தம் பக்கத்துச் சுத்துலயும் லேசா ஒட்டிக்கும். அப்ப நிஜச் சத்தத்துக்கு முன்னாடியே அது மெல்லிசாக் கேக்கும். இது எங்க தொழில்ல சகஜம்ப்பா." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஆர்கன் ஒட்டினா ஆர்கன்தானே கேக்கணும்? கிதார் எப்படிக் கேக்கும்?" டென்னிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு போனவர்தான். மிச்ச வேலைக்கு வேறு ஆளைத் தேடவேண்டியதாயிற்று.

இசைத்தட்டு வசந்தகாலத்தில் வந்தது. பிய்த்துக்கொண்டு போயிற்று. எல்லாப் பத்திரிகையும் எம்ரிஸைத்தான் எழுதின. நெவிலைப் பற்றி ஒரு பத்திரிகை ஒரே வரி எழுதியது, அடக்கமான பக்கவாத்தியக்காரர் என்று. அந்தப் பக்கத்தை அவன் அடுப்பில் போட்டான்.

விடவில்லை. வேறு ஸ்டூடியோவுக்குப் போய், பிரிக்காத புது டேப்பில், புது இசை வாசித்தான். போட்டுக் கேட்டால் மூக்கு உறிஞ்சும் சத்தம்... கிதார்... அப்புறம்தான் அவன். இடைவெளி மட்டும் இரண்டு நொடி ஆகியிருந்தது. மேடையில் வாசித்தான். அவன் முடிப்பதற்கு முன்னாலேயே கூட்டம் கைதட்டியது.

அதன்பிறகு டேப்பே தேவைப்படவில்லை. ஒருநாள் முரியல் வாசலில், "முரியல், வந்துட்டேன்" என்ற நெவிலின் குரலைக் கேட்டுக் கதவைத் திறந்தாள். தெருக்கோடியில் நெவில் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். இன்னொருநாள் சமையலறையில் கோப்பைக்குள் கரண்டி கலக்கும் சத்தம். போனால் யாருமில்லை. திரும்பினால் நெவில் காலிக் கோப்பையோடு பின்னால் வருகிறான்.

"இப்பதானே கலக்கினே?" என்றாள்.

நெவில் கோப்பையைச் சுவரில் அடித்தான். "எதுலயாவது என்னை முதல்ல விடேன்டா! ஒரே ஒரு விஷயத்துலயாவது!" என்று வெறும் நாற்காலியைப் பார்த்துக் கத்தினான். அன்றைக்குத்தான் முரியலிடம் எல்லாவற்றையும் கொட்டினான். ஃப்யூஸ், சிவப்பு விளக்கு, எல்லாம். அவளுக்கு ஒன்றுதான் புரியவில்லை. கொன்றதற்காக அழுகிறானா, தோற்றதற்காக அழுகிறானா?

பயமா? பயமே இல்லையாம். செத்தும் ஜெயிக்கிறானே என்ற வயிற்றெரிச்சல்தான் அவனைத் தின்றது. மெலிந்து, எலும்பும் தோலுமாக ஆகிவிட்டான்.

போன ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முரியல் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அப்புறம்... தடக். தடக், தடக். கனமாக எதுவோ உருண்டு வந்தது. கோப்பை சிதறியது. கடைசியில் தரையில் ஒரு 'மொத்'.

"நெவில்!" என்று அலறிக்கொண்டு ஓடினாள்.

படிக்கட்டுக்குக் கீழே யாருமில்லை. ஒரு சில்லுகூட இல்லை. அண்ணாந்து பார்த்தாள். மேல்படியில் நெவில் நின்றுகொண்டிருந்தான். கையில் தேநீர்க் கோப்பை, உடையாமல், ஆவி பறக்க.

"அங்கேயே நில்லு. நகராதே. காலை எடுக்காதே, உன்னைக் கும்பிடறேன்" என்றாள்.

"என்ன கேட்டுது?"

"நீ விழுந்த சத்தம்."

நெவில் கீழே, அவள் காலடியில் இருந்த வெறும் தரையைப் பார்த்தான். முகம் கொதித்தது. தொழுவத்தில் கை தூக்கினானே, அன்றைக்கும் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"இதையும் அவனேவா?" என்று கேட்டுவிட்டுக் காலை எடுத்து வைத்தான்.

நெவிலின் அடக்கத்தன்று ரால்ஃப் அக்காளோடு உட்கார்ந்திருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பி, ரகசியம் சொல்வதுபோல் சொன்னாளாம்:

"ரெண்டும் ஒரே சத்தம்தான்டா ரால்ஃப். தடக்குன்னு விழுந்ததுல இருந்து கோப்பை உடைஞ்சது வரைக்கும். ஆனா... முதல்ல கேட்டதுதான் நல்லா இருந்துச்சு."